பெருவிரல் எழுத்து

ஆலங்குளத்து முப்பிடாதி பிடித்த பிடியில்
முக்கூடல் மைதானத்து விளக்குக் கம்பம் நாலும்
ஒருமுறை சுற்றி நின்றன.
நடுக்கோட்டை என் நடுவிரல் தொட்டிருந்தது.
நடுவர் அந்நேரம் மைக்காரரிடம் என்னமோ கேட்டுக்கொண்டிருந்தார்.
புள்ளி அவர்களுக்கு.
எனக்கு மாவுக்கட்டு.

"கணுக்கால் ஒடிஞ்சா மத்ததெல்லாம் ஒடிஞ்சிட்டாக்கும்?"
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நைனா முகம்மது கேட்டார்,
கயிறு, பந்து, ரப்பர் பட்டை தொங்கும் அறையில்.

கொக்கிரகுளத்து மாடியில்
கட்டுக்காலைத் தலையணையில் ஏற்றிவிட்டு
மிச்சம் இருந்ததை எண்ணினேன்.
வலக்கையில் ரேஷன் அரிசி ஐந்து கிலோ, இருபது தடவை.
இடக்கையில் நாலரை
(அரைக்கிலோ நேற்றுப் பொங்கிவிட்டோம்).
கட்டுக்குள் ஊறும் அரிப்புக்கு
விளக்குமாற்று ஈர்க்கு ஒன்று.

மூச்சுக்குக் கால் வேண்டாம்.
சித்திரை, மதியம் மூன்று, கரண்டு இல்லை,
மல்லாந்தபடி கபடி கபடி கபடி கபடி
ஒரே மூச்சில், விட்டத்துப் பல்லி நகரும்வரை.
கீழ்வீட்டு வள்ளிமயில் அக்கா மகனை அனுப்பினாள்:
"பேய் கீய் பிடிச்சிருக்கான்னு பாத்துட்டு வாலே."
பார்த்துவிட்டு இறங்கியவன் படியிலேயே கத்தினான்:
"இன்னும் பிடிக்கலம்மா. பாடிக்கிட்டுதான் இருக்கா!"

கட்டைப் பிரித்த அன்று
தோலுரித்த பனங்கிழங்கு ஒன்று என்னோடு படுத்திருந்தது.
கெண்டைச்சதை இருந்த இடத்தில்
கெண்டையும் இல்லை, சதையும் இல்லை.

"பெருவிரல்தான் பேனா.
காத்துல ஏபிசிடி எழுதணும், தினம் மூணு நேரம்."
எனக்குத் தமிழ்தான் கால்வரை இறங்கும்.
ட சுலபம், முட்டுச்சந்தில் திரும்பும் ஆட்டோ மாதிரி.
இ-க்குள் நுழைந்தால் வெளியே வர வழியில்லை.
ண-வில் மூன்று சுழி, மூன்றிலும் முள்.
ஃ ஒன்றுதான் இரக்கமுள்ள எழுத்து,
தொட்டு, தொட்டு, தொட்டு
விட்டுவிடும்.

ஆனியில் குறுக்குத்துறைப் படியிறங்கி
கழுத்தளவு தண்ணீரில் நடந்தேன்.
அறுபத்தொரு கிலோவும் ஆறு சுமந்தது.
குஞ்சுக் கெண்டைகள் வந்து
தங்கள் பேரில் இருந்த சதையைத் தேடிக் கொத்தின.
கரையேறியதும் ஆறு
எடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, பாக்கி வைக்காமல்.

ஆடிச் சாரலில் நனைந்து
ஒரு பை கத்தரிக்காயோடு முப்பிடாதி வந்தாள்.
செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே சொன்னாள்:
"அதுக்கப்புறம் ஒருத்தி காலையும் இறுக்க முடியலக்கா.
பிடிச்சதும் கை தானா விட்டுருது.
டீம்ல உக்கார வச்சிட்டாங்க."

என்ன சொல்ல? சவத்தை,
ரப்பர் பட்டை முந்தாநாள்தான் அறுந்திருந்தது.
"ஏட்டி, உள்ள வா. நீ பிடி."

கை கழுவிவிட்டு வந்தாள், ஏனோ.
அதே கால். அதே பிடி.
அவள் தள்ள, நான் எதிர்க்க, பத்து.
"இன்னும் இறுக்கு."
பயந்து பயந்து இறுக்கினாள். இன்னொரு பத்து.
சாரல் காற்றிலும் இரண்டு பேருக்கும் வேர்த்தது.

பிறகு எழுத்து.
குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள்.
கண்டுபிடிக்க மாட்டாள் என்று அவள் பேரையே எழுதினேன்.
மு. ப. பி.
டா-வின் காலில் என் கால் நடுங்கியது.
தி.

"எம்பேரா அது?"
நான் வாய் திறக்கவில்லை.
"ப்-புக்குப் புள்ளி வைக்கலியேக்கா."

ஆற்றுப்பாலத்தில் ஒரு பஸ் கியர் மாற்றியது.
காலைப் பார்த்தபடியே சொன்னாள்:
"அன்னைக்கி நீங்க கோட்டைத் தொட்டதை
நான் பாத்தேன்."

புள்ளி வைப்பதில் நோவே கிடையாது.
இருந்தும் பெருவிரலை அந்த உயரத்துக்குக் கொண்டுபோக
நேரம் பிடித்தது.

வைத்தேன்.

"விட்டுராத," என்றேன்,
"இன்னும் பத்து இருக்கு."